சேற்றுக்கு ஒரு பாதம்

செயற்கைக் கால் பட்டறையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் இப்போது அளவெடுக்கக் கேமரா வைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்ட காலைச் சுற்றி அதை ஒருமுறை கொண்டுபோனால் கம்ப்யூட்டரில் உருவம் வந்துவிடுகிறது. மாவுக்கட்டு நனைக்க வேண்டாம், வாளி கழுவ வேண்டாம். என்னிடம் வேலை பழகிய தமிழ்ச்செல்வி போன் செய்து, "மரத்துல கால் செஞ்ச காலத்தைப் பத்தி எழுதிக் குடுங்க மேடம், எங்களுக்கெல்லாம் கதை மாதிரி இருக்கு" என்றாள்.

மரக்கால் போனதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. அது கனம். மழைக்காலத்தில் ஊறும், கோடையில் வெடிக்கும். போட்டவர்களின் தோல் உரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு வருகிற கால்கள் எடையும் குறைவு, புண்ணும் குறைவு. அதனால் அந்தக் காலம் போல வராது என்று நான் எழுதப்போவதில்லை. என்னை எழுத உட்கார வைத்தது தமிழ்ச்செல்வியும் இல்லை. ஏரிக்கரையில் ஒரு கொட்டகையில் ஞாயிறுதோறும் கூடுகிற சில பேர்.

நான் பிறந்தது காட்டூர். என் வீட்டுக்காரருக்குத் திருப்பாலைவனம். அவர் பஸ் கண்டக்டர், நான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கால் பட்டறை. இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் பழவேற்காட்டுக்கும் தோணிரேவுக்கும் நடுவில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு வீடு எடுத்தோம். வாழ்நாளெல்லாம் ஆட்களின் முகத்தைப் பார்த்தாயிற்று, இனிமேல் கொஞ்சம் தண்ணீரைப் பார்க்கலாம் என்றார் அவர்.

விடிந்த பிறகு சற்று நேரம் இந்த ஏரிக்குக் கரை இருப்பதில்லை. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் சேர்ந்துகொள்ளும். தூரத்தில் வலை இழுக்கிறவர்கள் ஆகாயத்தில் நடப்பதுபோல் தெரிவார்கள். அந்த நேரத்தில் நடக்கப் போவேன். நடக்கும்போது எதையும் நினைப்பதில்லை. அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சத்தம் கேட்டது. சர்ரென்று நீளமாக ஒரு இழுப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் ஒரு இழுப்பு. இழைப்புளி. மரத்தின் ஓட்டத்தோடு போகும்போது அதற்கு ஒரு மூச்சு உண்டு. யாரோ நன்றாகத் தீட்டிய இழைப்புளியை அவசரமில்லாமல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் மரவேலை நின்றுபோய்ப் பல வருஷமாகியும் என் வலது தோள் அந்தச் சத்தத்துக்குத் தானாக அசைந்தது.

சத்தம் வந்த இடம் படகு ரிப்பேர்க் கொட்டகை. வெளியே ஃபைபர் படகுகள் குப்புறக் கிடந்தன. உள்ளே பெரிய மேஜை, அதன்மேல் வெளிச்சம், தரையெல்லாம் மரச்சுருள். நாற்பது வயதுக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா வேணும்க்கா? போட்டு விஷயமா?"

"இல்லப்பா. சத்தம் கேட்டுது. அதான் வந்தேன்."

"அப்ப உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலை நகர்த்தினார். வேறு எதுவும் கேட்கவில்லை. இழைக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் தேவராஜ். கொட்டகை அவருடையது. வாரம் முழுக்க ஃபைபர் படகு ஒட்டுகிற வேலை. அந்த மருந்து நெடி மூக்கை விட்டுப் போவதற்காக ஞாயிற்றுக்கிழமை மரத்தைத் தொடுகிறேன் என்பார். அவரோடு கரீம் பாய் வருவார். மீன் ஏலம் விடுகிற இடத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டி வைத்திருக்கிறார். பழைய ரம்பங்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. எங்கேயாவது பழைய இரும்புக் கடையில் ஒன்றைக் கண்டால் வாங்கிவந்து, ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவி, பிறகு அதை அறுக்கக்கூட மாட்டார், மாட்டிவைப்பார். சென்னையிலிருந்து ஸ்கூட்டரில் நித்யா வருவாள், கம்ப்யூட்டர் வேலைக்காரி. துருப்பிடித்த இழைப்புளிகளைச் சந்தையில் தேடி எடுத்துச் சுத்தம் செய்வாள், பிறகு துண்டுக் கட்டைகளில் உளியால் குழி எடுத்துப் பழகுவாள். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து போவார்கள். போனில் அவர்களுக்கு ஒரு குரூப் இருந்தது. அதில் முழுக்க உளிகளின் படம்தான். 'காலை வணக்கம்' யாரும் போடுவதில்லை. அதற்காகவே சேரலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு என்னிடம் இருந்த ஒரே கருவியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, நெஞ்சை நோக்கி இழுக்கிற கத்தி. பட்டறையில் இழுவைக் கத்தி என்போம். மரச்சாமான்களையெல்லாம் பழைய இரும்புக்கு அனுப்பியபோது கேட்டு வாங்கி வந்தது. தேவராஜ் அதைப் பிடித்துப் பார்த்து நித்யாவிடம் கொடுத்தார். நித்யா கட்டைவிரலால் விளிம்பைத் தடவிவிட்டுக் கரீம் பாயிடம் கொடுத்தாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு மேஜையில் மற்றவர்களுடைய கருவிகள் இருந்த வரிசையில் ஓரமாக வைத்தார். என்னைச் சேர்த்துக்கொண்டது அவ்வளவுதான்.

"இங்க ஒரே ஒரு சட்டம்தான்க்கா" என்றார் தேவராஜ். "யார் இன்னா செஞ்சாலும், எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"ஞாயித்துக்கெழம நம்ம கை நமக்கு சொந்தம்" என்றார் கரீம் பாய்.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. ஆனால் அதுதான் என்னைச் சிக்கவும் வைத்தது. ஒரு துண்டு மரத்தைக் கொடுத்து, இஷ்டத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். நான் கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்காலம் முழுவதும் எந்த மரத்தைத் தொட்டாலும் அது யாருக்கு என்பது முதலிலேயே தெரியும். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் எடை தெரியும், என்ன வேலை என்று தெரியும், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார் என்பதுகூடத் தெரியும். யாருக்கும் இல்லாத ஒரு பொருளை என் கைக்குத் தெரியவில்லை. கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். கெண்டைக்கால் மாதிரி ஒரு வளைவு வந்தது. வைத்துவிட்டேன்.

அதன்பிறகு பல ஞாயிறுகள் நான் தீட்டுக்கல்லோடு இருந்தேன். எல்லோருடைய உளிகளையும் தீட்டினேன். கல்லில் தண்ணீர் தெளித்து, முகப்பைப் படிய வைத்து, முன்னும் பின்னும். கல்லின் சேறு விரல்களில் வழியும். திறந்த பக்கமாக ஏரி தெரியும். தண்ணீரில் வெயில் மெதுவாக நகரும். பேச்சே இல்லாமல் காலை முழுதும் கழிந்துவிடும். வீட்டுக்கு வந்து, எங்கே போயிருந்தோம் என்று யோசித்தால் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் நித்யா கேட்டாள். "அக்கா, எதுக்குன்னு கேக்கக் கூடாது. யாருக்குன்னு கேக்கலாமில்ல? நீங்க செஞ்சதுலயே ரொம்பக் கஷ்டமான கால் யாருக்கு?"

கரீம் பாய் அரத்தை நிறுத்தினார். கல்லைத் துடைத்து வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன்.

பட்டறைக்கு நான் போனபோது அங்கே பெண்கள் தையல் பக்கம்தான், வார் தைக்க. பெண் நோயாளிகளுக்கு அளவெடுக்க ஒரு பெண் வேண்டும் என்று என்னை உள்ளே எடுத்தார்கள். அளவெடுத்தவளே செய்தால் என்ன என்று கத்தியையும் கையில் கொடுத்தது போர்மேன் ஆல்பர்ட் சார். பழகின வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போலக் கையை வெட்டிக்கொண்டேன், மரத்தை வீணாக்கினேன், கற்றுக்கொண்டேன்.

வேலை இப்படி. குறைந்துபோன காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுப்போம். அந்த அச்சைப் பார்த்து மலைவேம்புக் கட்டையைக் குடைந்து, கால் நுழைகிற கிண்ணம் செய்வோம். பிறகுதான் உண்மையான வேலை. காலுக்கு மெல்லிய உறை மாட்டி, அதன்மேல் நீலப்பொடி பூசி, கிண்ணத்துக்குள் இறக்கி, எழுந்து நிற்கச் சொல்வோம். வெளியே எடுத்தால் மரத்தில் எங்கெங்கே அழுந்துகிறதோ அங்கே நீலம் இருக்கும். முட்டிச் சில்லுக்குக் கீழே நீலம் வர வேண்டும், எடையைத் தாங்குகிற இடம் அது. எலும்பு முனையில் வரக் கூடாது. வந்தால் அந்த இடத்தை மட்டும் ஒரு சீவு. மறுபடி பொடி, மறுபடி நிற்பது. ஒரு சீவலில் அதிகம் போனால் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆல்பர்ட் சார் உயரமான மனிதர். குரலே உயராது. நோயாளியிடம் காலைப் பற்றி முதலில் கேட்கமாட்டார். என்ன சாப்பிட்டீங்க, யார் கூட வந்தீங்க என்பார். கால் தயாரானதும் அவரை நடக்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். கண்ணை மூடி, சிமெண்ட் தரையில் விழுகிற காலடியை மட்டும் கேட்பார். "இடது கால் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புது. குதிகாலைப் பாரு, சரோஜா" என்பார். பார்த்தால் அங்கேதான் கோளாறு இருக்கும். ரொம்ப நன்றாக அமைந்துவிட்டால், "இருக்கட்டும்" என்பார். அதற்குமேல் அவரிடம் பாராட்டு கிடையாது.

கன்னியம்மா வந்தபோது நான் வேலையில் ஊறிவிட்டிருந்தேன். பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற பெண். கல்யாணமாகி ஒரு குழந்தை. தண்ணீருக்குள் திருக்கை மீன் முள் குத்தி, புண் முற்றி, முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அவளுக்கு ரப்பர் பாதம் வைத்த வழக்கமான கால் ஒன்று செய்து கொடுத்தோம். தண்ணீர் படக் கூடாது, ஈரத்தில் வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னோம். தலையாட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் திரும்பி வந்தாள். பாதம் இல்லை. கால் முழுக்கக் காய்ந்த சேறு.

"பாதம் எங்கம்மா?" என்றேன்.

"ஏரியிலயே நின்னுடுச்சு. நான் காலைத் தூக்குனேன், அது வரல. கையை வுட்டு தேடிப் பாத்தேன், கெடைக்கல."

அந்த ரப்பர் பாதம் ஏரியின் அடியில் தனியாக நின்றுகொண்டிருக்கும் காட்சி இத்தனை வருஷத்தில் என்னை விட்டுப் போகவில்லை.

"தண்ணியில இறங்காதேன்னுதானே சொன்னோம்?"

அவள் என்னைப் பார்க்காமல் ஆல்பர்ட் சாரைப் பார்த்துச் சொன்னாள். "நடக்குறதுக்கு வாணாம் சார். நடக்கக் கொம்பு கீது. எனக்கு சேத்துல எறங்கணும். தண்ணிக்குள்ள போயிட்டா கையே போதும், கால் தேவையே இல்ல. கரையிலேர்ந்து தண்ணி வரிக்கும் போவணும், அவ்ளோதான். கொம்பு புதையுது. பொழுதெல்லாம் ஊட்ல குந்தினு கீறேன் சார்."

அவர் அவளை அனுப்பிவிட்டு தரையில் உதிர்ந்திருந்த சேற்றை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு, "நாம ஏரியப் பாக்கவேயில்லையே, சரோஜா" என்றார்.

விடுமுறை நாள் ஒன்றில் இரண்டு பேரும் பஸ் பிடித்து வந்தோம். தண்ணீர் வற்றியிருந்த காலம். கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு மட்டும் விரிந்து கிடந்தது, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. தூரத்தில் பூநாரைகள் ஒரு நீளமான கோடு போல. ஆல்பர்ட் சார் ஷூவைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார். பட்டறையில் நிற்பதுபோலவே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கரையில் கொம்பை ஊன்றி நின்ற கன்னியம்மா என் காதருகே, "சார் தூங்கிட்டாரா?" என்றாள்.

அவர் ஒரு காலைத் தூக்கினார். 'ப்ளக்' என்றது சேறு. மறுகாலைத் தூக்கினார். மறுபடி அதே சத்தம்.

"உள்ள போறதுக்கு இடம் குடுக்குது" என்றார். "வெளிய வரத்தான் விடமாட்டேங்குது."

அதுவரை நாங்கள் இருவரும் புதையாத காலைப் பற்றித்தான் யோசித்திருந்தோம். அகலப் பாதம் வைத்தால் புதையாது, ஆனால் சேறு அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஒல்லியாக வைத்தால் சுலபமாக வெளியே வரும், ஆனால் முட்டிவரை இறங்கிவிடும். இறங்கும்போது அகலமாகவும் ஏறும்போது ஒல்லியாகவும் ஒரு பாதம் வேண்டும். அப்படி எதுவும் எங்களிடம் இல்லை.

அவர் கால் கழுவப் போயிருந்தார். நான் கரையில் நின்றேன். கிட்டத்தில் ஒரு நாரை சேற்றில் நடந்தது. பாதத்தை வைக்கும்போது விரல்கள் விரிந்தன. தூக்கும்போது எல்லா விரலும் ஒன்றாகச் சேர்ந்து, கீழ்நோக்கி மடிந்து, கூம்பிய பூ மாதிரி வெளியே வந்தது. மறுபடி வைத்தது, விரிந்தது. அது எங்கோ போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. சார் திரும்பி வந்ததும் சொன்னேன். பஸ் திருப்பாலைவனம் தாண்டும்போது ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார், "முன்னால எத்தனை விரல்?"

"மூணு சார். பின்னால ஒண்ணு."

"பின்னால வேணாம்."

மலைவேம்பு தண்ணீருக்கு ஆகாது. படகுக்கு எடுக்கிற பூவரசில் செய்தோம். நடுவில் ஒரு கட்டை, அதிலிருந்து மூன்று விரல்கள். ஒவ்வொரு விரலையும் கட்டையோடு தோலால் இணைத்தேன். அந்தத் தோலை மேல்பக்கம் வைப்பதா, அடிப்பக்கம் வைப்பதா என்பதில்தான் விஷயமே இருந்தது. அடிப்பக்கம் வைத்தால், எடை விழும்போது விரலின் மேல்விளிம்பு கட்டையில் முட்டி நின்றுவிடும், மேலே மடங்காது. தூக்கும்போது தடையில்லாமல் கீழே தொங்கும். மூன்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு தொட்டியில் களிமண் கரைத்துப் போட்டு, அதில் வைத்து வைத்து எடுத்தோம். பட்டறையில் மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆல்பர்ட் சார் கண்ணை மூடி அந்தத் தொட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முழுதாகப் போகவில்லை.

கன்னியம்மா வந்து மாட்டிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்ப வரச் சொன்ன நாளில் வரவில்லை. அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. பிறகு வரவேயில்லை. சார் லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் கேட்பார், "அந்த ஏரிப் பொண்ணு வந்துச்சா?" அவர் ஓய்வு பெறுகிறவரை கேட்டார். இப்போது அவர் இல்லை.

கொட்டகையில் இதைச் சொல்லி முடித்தேன். நித்யா மெதுவாகக் கேட்டாள், "இங்கதானே இருக்கீங்க. போய்த் தேடலியா?"

தேடலாம் என்று நினைத்ததுண்டு. அந்தக் கால் அவளைக் கவிழ்த்துவிட்டிருந்தால்? புண்ணாக்கி முட்டியையும் எடுக்க வைத்திருந்தால்? கேட்காதவரைக்கும் என் மனதில் அவள் சேற்றில் நடந்துகொண்டே இருந்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேவராஜ் இழைப்புளியைச் சாய்த்து வைத்தார். "அக்கா, நீங்க சொல்றது கன்னியம்மா அத்தையா? கோழிக்கால் கன்னியம்மா?"

"கோழிக்காலா?"

"அந்தக் காலுக்கு ஊர்ல அதான் பேரு. எங்க நைனா படகு ஆசாரி வேலை பாத்தாரு இல்ல, அவர்தான் அதை ரிப்பேர் பண்ணுவாரு. அப்பறம் புதுசாவே செஞ்சு குடுத்தாரு. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு. அது நீங்க செஞ்சதா?"

தலையாட்டினேன். கரீம் பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

அன்றைக்கே தேவராஜ் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். தோணிரேவைத் தாண்டி ஒரு குப்பம். வாசலில் உட்கார்ந்து நண்டுகளின் காலைக் கட்டிக்கொண்டிருந்த பெண்மணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முடி நரைத்திருந்தது. பார்வை அதே பார்வை.

"கால்கார அம்மா" என்றாள். "சார் வரலியா?"

அவர் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். கையிலிருந்த நண்டைக் கட்டி முடித்துவிட்டு, "நல்ல மன்சன். சேத்துல நின்னு தூங்குனாரு" என்றாள்.

பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மரக்காலை எடுத்துக் கொடுத்தாள். நான் செய்ததல்ல அது. அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். நடுவிரல் குட்டையாகிவிட்டிருந்தது. தோலுக்குப் பதில் லாரி டயர். அப்புறம் நான் நினைத்தே பார்க்காத ஒன்று: கட்டையிலும் விரல்களிலும் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இது?"

"மொதல்ல நீங்க குடுத்தத போட்டுனு போனேன். பாதி தூரம் நல்லா போச்சு. அப்பால நடுவிரலு தடுக்கி வுழுந்தேன். இவன் நைனாகிட்ட குடுத்தேன். அறுத்து குடுத்தாரு. தோலு உப்புல ஊறிப் போச்சு, டயர வெச்சாரு. ஆனாலும் சேறு புடிச்சுக்கும். ஒருநா, ஓட்ட போட்டா காத்து பூருமில்லன்னாரு. போட்டாரு. அப்பால புடிக்கவேயில்ல."

நான் அந்த ஓட்டைகளை விரலால் தடவினேன். களிமண் தொட்டியில் போகாமல் நின்ற மிச்சச் சத்தத்துக்கு விடை இதுதான். நானும் சாரும் காத்திருந்த வருஷங்களில், இங்கே இவர்கள் அதை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார்கள். மனதுக்குள் எதுவோ இறங்கி வழிவிட்டது. அழுகை இல்லை. ரொம்ப நேரம் தூக்கிக்கொண்டு நின்ற பொருளைக் கீழே வைத்த மாதிரி.

"ஏம்மா அப்புறம் வரவேயில்ல?"

"அறுத்துட்டோமில்ல. கெவுர்மென்ட்டு கால அறுத்துட்டியேன்னு புடுங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இலவசக் கேம்ப்பில் கொடுத்த பிளாஸ்டிக் கால் ஒன்று உள்ளே இருந்தது. "கல்யாணம் காச்சிக்கு அதப் போட்டுனு போவேன். அதுக்கு செருப்பு கூட போடலாம்" என்றாள். ஏரிக்கு இதுதான். ஆனால் தேவராஜின் நைனா போன பிறகு இதைச் செய்ய ஆளில்லை. கட்டை பிளந்து கயிற்றால் கட்டியிருந்தது. நான் அவள் காலை மடியில் வைத்துப் பார்த்தேன். வருஷக்கணக்கில் தசை வற்றியிருந்தது. பழைய கிண்ணம் லொடலொடத்து, எலும்பு முனையில் தோல் சிவந்து வெடித்திருந்தது. துணியைத் திணித்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்படியே போனா புண்ணாயிடும் கன்னியம்மா."

"தெரியும்."

அடுத்த ஞாயிறு கொட்டகையில் சொன்னேன். கிண்ணம் பிளாஸ்டிக்கில்தான் செய்ய வேண்டும், அதைத் தமிழ்ச்செல்வி பார்த்துக்கொள்வாள். பாதத்தை நாம் செய்யலாமா என்று கேட்டேன்.

கரீம் பாய் முகம் சுருங்கியது. "தப்பா நெனைக்காதக்கா. நல்ல காரியம்தான். ஆனா ஒண்ணு எடுத்தா அப்பறம் எப்போ முடியும்னு ஒருத்தர் கேப்பாரு, ஏன் முடியலன்னு இன்னொருத்தர் கேப்பாரு. ஆறு நாளும் எனக்கு அதான் பொழப்பு. இங்கியும் அதுவா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் அன்று சீக்கிரமே எழுந்து போய்விட்டார். என்னால் இந்தக் கூட்டம் கலைந்துவிடுமோ என்று அந்த வாரம் முழுக்க எனக்குக் கவலையாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பஸ்ஸுல ஏறினவங்க எல்லாரும் ஒரே ஸ்டாப்புல இறங்கணும்னு இருக்கா?" என்றார்.

ஞாயிறு நான் போனபோது கரீம் பாய் எனக்கு முன்னால் வந்திருந்தார். சுவரில் மாட்டியே வைத்திருந்த ரம்பம் ஒன்று, மிகப் பொடிப் பல், மேஜையில் இருந்தது. என்னைப் பார்க்காமல், "விரல் அறுக்க பெரிய ரம்பம் ஆவாது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு நடக்கவில்லை.

தமிழ்ச்செல்வி கேமராவோடு வந்தாள். கன்னியம்மாவின் காலைச் சுற்றி அதைக் கொண்டுபோனபோது, "போட்டோவா புடிக்கிற? தலைய வாரினு வந்திருப்பேனே" என்றாள் கன்னியம்மா. கிண்ணம் தயாராகி வந்ததும் நான் பழைய வழக்கப்படி நீலப்பொடி பூசிப் பார்த்தேன். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இருந்தது. தமிழ்ச்செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும்" என்றேன்.

பாதத்துக்குப் பல ஞாயிறுகள் ஆயின. அந்தக் காலைகள் இப்போது எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பூவரசுக் கட்டையின் மஞ்சள் மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. தேவராஜ் வாச்சியால் கட்டையைச் செதுக்கினார். கரீம் பாய் விரல்களை அறுத்தார், ரம்பம் மரத்தில் போகிற ஓசைகூட இல்லாமல். கிண்ணத்திலிருந்து வருகிற குழாய் கட்டையில் உட்காருகிற குழியை நித்யா உளியால் எடுத்தாள். மாதக்கணக்கில் எதற்கென்று தெரியாமல் குழியாக எடுத்துப் பழகியவள் அவள். நான் இழுவைக் கத்தியால் விரல்களுக்கு வளைவு கொடுத்தேன். கை தயங்கவில்லை. ஓட்டைகளைத் தேவராஜ்தான் போட வேண்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அவர் நைனாவின் துரப்பணத்தை எடுத்துக் கயிற்றைச் சுற்றி மெதுவாக இழுத்தார். மரத்தூள் மேஜையில் குட்டிக் குட்டிக் குவியலாக விழுந்தது. படகுக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி வெயிலில் வைத்தோம்.

போட்டுப் பார்த்த அன்று காலை ஏரிக்கு அந்தக் கரையில்லாத நிறம். கன்னியம்மா உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள், எழுந்தாள், கொம்பை என்னிடம் கொடுத்தாள். சேற்றில் ஒரு காலடி வைத்தாள். விரல்கள் விரிந்தன. நாங்கள் கரையில் வரிசையாக நின்றோம்.

"எப்டி கீது அத்தை?" என்றார் தேவராஜ்.

அவள் எடையை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. இன்னொரு அடி, இன்னொரு அடி. சத்தமே இல்லை. வேகம் கூடியது. தூரத்தில் மற்றப் பெண்கள் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தார்கள். அவள் தண்ணீர் விளிம்பை அடைந்ததும் இடுப்பிலிருந்த, இறால் போடுகிற ஓலைப் பறியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். கையால் இறால் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டுமே. பறி நிறைகிறவரை பேச முடியாது. அவள் மெல்லத் தாழ்ந்து, கழுத்தளவு தண்ணீரில் மிதந்துபோனாள்.

"இன்னா சொல்லுச்சு?" என்று கேட்டார் கரீம் பாய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி.

"ஒண்ணும் சொல்லல."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஐஸ் ஏற்ற வேண்டும் என்று கிளம்பினார். நித்யா போனாள், தேவராஜ் போனார். நான் கொம்பை வைத்துக்கொண்டு கரையிலேயே இருந்தேன். சாம்பல் நிறத் தண்ணீரில் தலைகளும் பறிகளும் மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவற்றில் எது கன்னியம்மா என்று எனக்குத் தெரியவில்லை.